வயல் வேலைக்கு ஒரு சட்டை, பூப்பறிக்க ஒரு மடிப்பை

பயிர், பூச்சி, உரம், மானியம் என்றே கேள்விகள் வரும் இந்தப் பகுதிக்கு, இந்த முறை ஆலங்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகி வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். "வீட்டில் பழைய சட்டை, சேலை, வேட்டி எல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது. மிஷின் கிடையாது. கையால் தைக்கத் தெரியும். அதிகச் செலவில்லாமல் வீட்டுக்கும் உடுத்தவும் ஆகிற மாதிரி எதைத் தைக்கலாம்? விவசாயப் பத்திரிகையில் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம் அம்மா. அதை ஒட்டி வேறு சிலரும் சட்டை, சாக்கு, கையுறை என்று கேட்டிருப்பதால், இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

தையல் என்றதும் தலையணை உறையும், கதவுக்குத் தோரணமும், விசேஷத்துக்குப் போடும் ரவிக்கையும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் நாம் உடுத்துவது வேலை உடுப்பு. அதை மட்டும் யாரும் தைத்துத் தருவதில்லை. நடவு, களை, பூப்பறிப்பு, கடலை பிடுங்குதல் என்று எந்த வேலையைப் பார்த்தாலும், பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெயில், முள், சுணை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சட்டைதான் காவல்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இருப்பதை எடுத்து நம் தேவைக்குத் திருப்பிக்கொள்வது நம் ஊர்ப் பெண்களுக்குக் கைவந்த வேலை. சட்டையையும் அப்படியே திருப்பலாம்.

முதலில் துணியைப் பாருங்கள்

வயலுக்குப் பருத்திதான் நல்லது. வியர்வையை உறிஞ்சும், காற்று போகும். பாலியஸ்டர் கலந்த துணி உடம்பில் ஒட்டிப் புழுக்கும். நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு பிடித்துக்கொள்ளும். எந்தத் துணி எது என்று தெரியவில்லையென்றால், ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, தரையில் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகி, ஆறியபின் கறுத்த மணி போலக் கெட்டியானால் பாலியஸ்டர். இரண்டும் கலந்த மாதிரி இருந்தால் கலப்புத் துணி.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் வெயிலை வாங்கும். நைந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வெட்டுங்கள். வெளிச்சத்துக்கு நேரே துணியைப் பிடித்தால் நைந்த இடம் தெரிந்துவிடும்.

கையால் தைப்பவர்களுக்கு இரண்டு தையல் போதும். ஊசி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருப்பது ஓட்டுத் தையல். ஓரம் மடிக்க, பட்டி ஒட்ட அது போதும். இழுபடும் இடத்துக்குக் கெட்டித் தையல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசியை அரைத் தையல் பின்னால் குத்தி, முன்னால் எடுப்பதுதான் கெட்டித் தையல். நூலை இரட்டையாகக் கோத்து, மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துவிட்டுத் தைத்தால் சிக்காது, சீக்கிரம் அறாது.

வயல் சட்டை

தேவை: முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று, அரை அங்குல எலாஸ்டிக் அரை மீட்டர், ஒட்டுப்போட பழைய கைலி அல்லது வேட்டித் துண்டு, ஊசி நூல்.

1. கை: மணிக்கட்டுப் பட்டியை வெட்டி எடுத்துவிடுங்கள். கையில் அந்த இடத்தில் உள்ள பிளவைத் தைத்து மூடுங்கள். விளிம்பை முதலில் கால் அங்குலம், பிறகு முக்கால் அங்குலம் உள்பக்கம் மடித்து, பாவாடைக்கு நாடா கோக்க இடம் விடுவது போல ஓர் அங்குலம் விட்டுச் சுற்றிலும் தையுங்கள். மணிக்கட்டின் சுற்றளவோடு ஓர் அங்குலம் கூட்டி எலாஸ்டிக்கை வெட்டி, ஊக்கில் மாட்டிக் கோத்து, இரு முனையையும் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிடுங்கள். பூச்சியும் சுணையும் உள்ளே ஏறாது. எலாஸ்டிக் தோலில் தழும்பு விழும்படி இறுக்கமாக இருக்கக் கூடாது.

2. பாக்கெட்: ஆண்கள் சட்டையில் இருப்பது நெஞ்சுப் பாக்கெட். குனிந்தால் எல்லாம் கொட்டிவிடும். கீழே இரு பக்கமும் பெரிய பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். 9 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு. மேல் விளிம்பை ஓர் அங்குலமும், மற்ற மூன்று பக்கத்தை அரை அங்குலமும் மடித்து, சட்டையில் வைத்துக் கெட்டித் தையலில் தையுங்கள். பாக்கெட் வாயின் இரு மூலையிலும் சின்ன முக்கோணமாக நாலைந்து முறை கூடுதலாகத் தைத்தால் கிழியாது. கதிர் அரிவாள் போன்ற கூர்மையானவற்றை இதில் போடாதீர்கள்.

3. தோள்: ஸ்ப்ரேயர் வாரும் மண்வெட்டியும் தோளைத்தான் அறுக்கின்றன. பழைய வேட்டியை நாலு மடிப்பாக, 3 அங்குல அகலம், 10 அங்குல நீளத்துக்கு மடித்து, தோள்தையலுக்கு மேலே வைத்துக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத் தையல் போடுங்கள்.

4. அக்குளும் முழங்கையும்: சட்டை முதலில் கிழிவது இங்கேதான். கிழிவதற்கு முன்பே உள்பக்கத்தில் 4 அங்குலச் சதுரத் துண்டை வைத்துத் தைத்துவிடுங்கள்.

கையால் தைத்தால் இரண்டு மூன்று பிற்பகல் ஆகும். காசு கொடுத்து வாங்குவது எலாஸ்டிக்கும் நூலும் மட்டும்தான்.

வெண்டை பறிப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. வெண்டைச் சுணையால் கை அரித்துத் தடித்துப்போகிறது என்று பலர் சொல்கிறீர்கள். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நீளச் சாக்ஸை எடுத்து விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, குதிகால் இடத்தில் கட்டைவிரல் நுழைய ஓர் அங்குலம் கிழித்து, இரண்டு வெட்டையும் சுற்றித் தைத்துவிடுங்கள். முழங்கை வரை நல்ல உறை கிடைக்கும். விரல் வெளியே இருப்பதால் பறிக்கத் தடை இல்லை.

மடிப்பை

கீரமங்கலம், கொத்தமங்கலம், பனங்குளம், வடகாடு பக்கம் விடியும் முன்பே மல்லிகைக் கொல்லையில் ஆள் இருக்கும். பெரும்பாலும் சேலை முந்தியை மடியாகக் கட்டிப் பறிக்கிறார்கள், அல்லது இடுப்பில் பிளாஸ்டிக் பை செருகிக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக்கில் காற்றுப் போகாது. மொட்டு விடும் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிப் பூ வதங்கும். முந்தி மடியில் பாரம் முழுவதும் ஒரு பக்க இடுப்பில் இறங்குகிறது. பருத்தித் துணியில் ஒரு மடிப்பை இரண்டையும் தீர்க்கும்.

24 அங்குல அகலம், 30 அங்குல நீளத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் கீழ் விளிம்பை ஓர் அங்குலம் மடித்துத் தையுங்கள். பிறகு கீழிருந்து 11 அங்குலம் மேலே மடித்தால் பையின் வாய் வரும். இரு பக்க ஓரத்தையும் கெட்டித் தையலில் மூடுங்கள். பின்பக்கத் துணியின் மேல் விளிம்பை 2 அங்குலம் மடித்துத் தைத்தால், நாடா கோக்கும் பட்டி கிடைக்கும். அதில் 2 மீட்டர் நாடாவைக் கோத்து முதுகுப் பக்கம் கட்டிக்கொள்ளலாம்.

இதோடு விட்டுவிட்டால் பாரம் இடுப்பிலேயே நிற்கும். ஆகவே மேல் மூலை இரண்டிலும் ஒரு மீட்டர் நாடா ஒவ்வொன்றைத் தைத்து, தோள் மேலே போட்டு, முதுகில் பெருக்கல் குறி போலக் குறுக்கே இறக்கி, இடுப்பு நாடாவோடு சேர்த்து முடிச்சிடுங்கள். பாரம் இரண்டு தோளிலும் இடுப்பிலும் பிரிந்துவிடும். நாடாவுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய வேட்டிக் கரையைக் கிழித்தெடுத்தால் ஓரம் மடிக்காமலே உறுதியான நாடா.

பறித்த மல்லிகையை ஈரமான பருத்தித் துணி விரித்த கூடையில் கொட்டி, மேலேயும் ஈரத் துணி மூடுங்கள். கத்தரி, எலுமிச்சை போல கனமானவற்றைப் பறிக்கும்போது மூன்று நான்கு கிலோ சேர்ந்ததும் கூடையில் கொட்டிவிடுங்கள். பை பெரிதாக இருக்கிறது என்பதற்காக முதுகு வலிக்கும்வரை நிரப்ப வேண்டாம்.

பருத்தி போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். உரச் சாக்கில் பஞ்சு எடுத்தால் சாக்கின் இழை பஞ்சோடு கலந்துவிடும். அந்த இழை சாயம் ஏறாமல் நூலிலும் துணியிலும் தனியாகத் தெரியும். மில்காரர்கள் விலையைக் குறைப்பதற்கு அது ஒரு காரணம். தலைமுடியும் அப்படியே. பருத்தித் துணிப் பையும் தலையில் ஒரு துணியும் கட்டிக்கொண்டால் பஞ்சு சுத்தமாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. கதிரடிக்கும் இயந்திரம், பம்ப்செட் பெல்ட், பவர் வீடர், தீவனம் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே போகும்போது மடிப்பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தொங்கும் நாடா, முந்தி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதையும் ஓடும் இயந்திரம் இழுத்துக்கொள்ளும். கையை நீட்டி விடுவிக்க நேரம் தராது. நாடாவை இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகவே போடுங்கள். முந்தியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

விதைப் பை

வம்பன் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்திலேயே இருப்பதால், வம்பன் 8, வம்பன் 11 போன்ற உளுந்து ரகங்கள் நமக்குப் பழக்கமானவை. நல்ல விதையை வாங்கி, அடுத்த போகத்துக்கும் எடுத்து வைப்பவர்கள் அதைக் கட்டி வைக்கும் பையைக் கவனிப்பதில்லை.

பழைய வேட்டி அல்லது காடாத் துணியில் 13 அங்குல அகலம், 38 அங்குல நீளம் வெட்டி, இரண்டாக மடியுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, இரு பக்க ஓரத்தையும் கால் அங்குலத்தில் ஒருமுறை தைத்துவிட்டு, பையைப் புரட்டி மறுபடியும் கால் அங்குலத்தில் தையுங்கள். துணி ஓரம் இரட்டைத் தையலுக்குள் மறைந்துவிடும். ஓர இழை பிசிறாது. விதையும் தூசியும் வண்டும் ஒளிய இடம் இருக்காது. வாயை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்து நாடா கோத்துவிட்டால் பை தயார். நான்கு கிலோ உளுந்து தாராளமாகக் கொள்ளும். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்ற கணக்கில், இரண்டு பை வைத்திருந்தால் ஒரு ஏக்கருக்கு ஆயிற்று.

பையைக் கொதிநீரில் போட்டெடுத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே விதையைப் போட வேண்டும். விதையின் ஈரப்பதம் 8 முதல் 9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'நறுக்'கென்று உடைவது ஓர் அடையாளம். துணிப் பை அடுத்த போகம் வரை வைக்கும் விதைக்குத்தான் ஏற்றது. துணி காற்றோடு ஈரத்தையும் உள்ளே விடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பையை ஒருமுறை பிரித்துக் காயவையுங்கள். பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே முட்டையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே பை அதைத் தடுக்காது, காய்ச்சல்தான் தடுக்கும்.

ரகத்தின் பெயரையும் அறுவடை மாதத்தையும் பையின் மேலேயே நூலால் தைத்துவிடுங்கள். மையால் எழுதினால் ஒரு துவைப்பில் போய்விடும். சீட்டு எழுதி உள்ளே போட்டால் தொலைந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த எழுத்து வேலையைக் கொடுத்தால் ஆசையாகச் செய்யும்.

மிஞ்சிய துணிக்கு

ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை நீளவாட்டில் மூன்றாக மடித்தால் ஆறடி நீளப் படுக்கை விரிப்பு வரும். இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆறு மடிப்பு. மார்கழிப் பனிக்குப் பெரியவர்கள் போர்த்திக்கொள்ளலாம். நாலு ஓரத்தையும் கெட்டித் தையலில் மூடி, உள்ளே 2 அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போனால் துவைக்கும்போது மடிப்பு நகராது. வங்காளத்துக் காந்தாவும், மராட்டியத்துக் கோதடியும் இப்படிப் பழந்துணியில் தொடங்கியவைதான்.

சின்னத் துண்டுகளை 8 அங்குலச் சதுரமாக ஆறேழு அடுக்கி, குறுக்குத் தையல் போட்டால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணி. இதற்கு நூற்றுக்கு நூறு பருத்தி மட்டும்தான். நெருப்புக்குப் பக்கத்தில் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

*யூரியா சாக்கைக் கழுவி, அரிசி, மிளகாய் போட்டு வைக்கப் பை தைக்கலாமா? (அறந்தாங்கி பக்கத்து வாசகர்)*

உண்ணும் பொருளுக்கு வேண்டாம். சாக்கு நெய்யப்பட்ட இழைகளுக்கு இடையே உரம் தங்கியிருக்கும். சாதாரணக் கழுவலில் முழுதாகப் போகாது. அதைவிடப் பெரிய ஆபத்து கழுவிய தண்ணீரில் இருக்கிறது. யூரியா கரைந்த தண்ணீரை மாடு குடித்தால், முதல் வயிற்றில் அது வேகமாக அம்மோனியாவாக மாறி ரத்தத்தில் கலக்கும். வயிறு உப்பி, நுரை தள்ளித் தடுமாறும். சில மணி நேரத்தில் இறந்தும் போகலாம். அப்படி ஏதும் தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 எண் இருக்கிறது. உரச் சாக்கைத் தொழுவத்திலோ, தொட்டிக்குப் பக்கத்திலோ கழுவவே கூடாது. கழுவிய தண்ணீரை மாடு எட்டாத இடத்தில் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றிவிடுங்கள். அந்தச் சாக்கை எரு அள்ளவும், சருகு கட்டவும் வைத்துக்கொள்ளலாம்.

பூச்சிமருந்து வந்த பை, டப்பா, பாட்டில் எதையும் எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். கழுவியும் கூடாது.

*வயல் சட்டையைப் போட்டுக்கொண்டு, துணி மாஸ்க் கட்டி மருந்து அடித்தால் போதுமா? (கறம்பக்குடி பக்கத்து இளைஞர்)*

போதாது தம்பி. துணி மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும். மருந்தின் ஆவியையும் நுண்துளியையும் தடுக்காது. துணியில் மருந்து ஊறினால், அது தோலோடு மருந்தை ஒட்டி வைக்கும் ஒத்தடம் போல ஆகிவிடும். மருந்து அடிக்க ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். அவற்றோடு சேர்ந்துதான் முழுக்கைச் சட்டை பயன்படும். மருந்து லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டு வரும். பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சுதான்.

மருந்து அடிக்கும் சட்டையைத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலரில் சிவப்பு நூலால் ஒரு குறி தைத்துவிட்டால் வீட்டில் யாரும் தெரியாமல் எடுத்து மாட்டமாட்டார்கள். வேலை முடிந்ததும் கழற்றி, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைப்பவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கண்மாயிலும் குளத்திலும் அலசக் கூடாது. தண்ணீர் கலக்காத மருந்து கொட்டி நனைந்த சட்டையைத் துவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதை ஒழித்துவிடுவதே சரி.

*நாங்கள் முந்திரி உடைக்கிறோம். கை கறுத்துப் புண்ணாகிறது. துணிக் கையுறை தைத்துப் போட்டால் சரியாகுமா? (ஆதனக்கோட்டை பக்கத்து வாசகி)*

அம்மா, உங்கள் கேள்விக்கு நான் அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: துணிக் கையுறையை மட்டும் போட்டு உடைக்காதீர்கள். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும் தன்மை உடையது. வறுத்த பிறகும் ஓட்டில் மிச்சம் இருக்கும். துணி அந்த எண்ணெயை உறிஞ்சி, வேலை முடியும்வரை உங்கள் தோலிலேயே வைத்திருக்கும். வெறுங்கையைவிட அது மோசம்.

வெளியே ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய பருத்தி உறை என்பதுதான் முறை. ரப்பருக்குள் கை வியர்த்துப் புழுங்குவதால்தான் பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே போடும் உறையை நீங்களே தைக்கலாம். பழைய பனியன் துணியை இரண்டாக மடித்து, கையை விரித்து வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டுக் கோடு போட்டு வெட்டித் தைத்தால் ஆயிற்று. இரண்டு மூன்று ஜோடி வைத்துக்கொண்டு வியர்வை ஊற ஊற மாற்றுங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால், ரப்பரில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் மாற்றிவிட வேண்டும். கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்வது ஓரளவுக்குத்தான் காக்கும்.

வறுக்கும் இடத்தில் நிற்பவர்கள், முன்னால் கட்டிக்கொள்ளக் கெட்டிப் பருத்தித் துணியில் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை ஒரு மேலங்கி தைத்துக்கொள்ளுங்கள். தெறிக்கும் எண்ணெய்க்கு அது காவல். புண் வந்திருந்தால் அது ஆறும்வரை உடைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற உடைமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: கையுறை வாங்கித் தருவது உங்கள் செலவுக் கணக்கில் இருக்க வேண்டியது.

*தையல் மிஷின் வாங்க உதவி கிடைக்குமா? எங்கே கற்றுக்கொள்வது? (குன்றாண்டார்கோவில் வட்டார வாசகி)*

கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் சமூக நலத்துறையில் இருக்கிறது. வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு. தையல் தெரியும் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டு, இப்போதுள்ள விதியைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். பயிற்சிக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தை அணுகலாம். அங்கே தையல் உட்படப் பல தொழில்களுக்குக் கட்டணமில்லாத பயிற்சி தருகிறார்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள் குழு மூலமாகவே விசாரிக்கலாம்.

*எங்கள் குழுவில் ஐந்து பேர். மஞ்சப்பை தைத்து விற்கலாமா? (கீரமங்கலம் பக்கத்து மகளிர் குழு)*

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. அதனால் துணிப் பைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் மஞ்சப்பையை ஈரோடு, கரூர் பக்கம் ஆயிரக்கணக்கில் தைக்கிறார்கள். துணியை மொத்தமாக வாங்கி மின்சார மிஷினில் தைக்கும் அவர்களோடு விலையில் போட்டி போடுவது ஐந்து பேருக்குக் கடினம். கூலி கட்டாது.

உங்கள் ஊரில் இருப்பது பூக்கொல்லை. மேலே சொன்ன மடிப்பையைத் தையுங்கள். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். 36 அங்குல அகலக் காடாத் துணி வாங்கினால், பையின் 30 அங்குல நீளத்தைத் துணியின் அகலவாட்டில் வைத்து வெட்டலாம். 5 மீட்டரில் 8 பை கிடைக்கும். மிஞ்சும் 6 அங்குலத் துண்டில், செல்போன் வைக்கும் சின்னப் பாக்கெட் ஒன்றைப் பையின் முன்பக்கம் தைத்துவிடலாம். ஒரு பைக்கு 4 மீட்டர் நாடா ஆகும். புதுத் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் சுருங்கிப் பெயர் கெட்டுவிடும்.

விலை வைக்கும்போது துணி, நாடா, நூல் இவற்றோடு, ஒரு பைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து, உங்கள் ஊர்க் களையெடுப்புக் கூலிக் கணக்கில் அந்த நேரத்துக்கும் காசு போடுங்கள். வீட்டில் உட்கார்ந்து தைப்பதால் உழைப்புக்கு விலை இல்லை என்று நினைத்துத்தான் பல குழுக்கள் ஆறு மாதத்தில் நின்றுபோகின்றன. முதலில் எட்டுப் பை மட்டும் தைத்து, பூப்பறிக்கும் எட்டுப் பேரிடம் பதினைந்து நாள் கொடுத்து வையுங்கள். நாடா எங்கே அறுக்கிறது, வாய் எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய பிறகு அடுத்த துணியை வாங்குங்கள்.

தைப்பவர்களுக்குப் பொதுவாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். வீட்டில் யார் அதிக நேரம் வயலில் நிற்கிறார்களோ, அவர்களுக்கு முதலில் ஒரு சட்டை. பல வீடுகளில் அது தைக்கிறவரேதான். தனக்கென்று தைக்க மனம் வராமல், மற்றவர்களுக்குத் தைத்துவிட்டுத் தான் கிழிந்ததையே மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்த இதழில் மானாவாரிக் கடலைக்கான ஜிப்சம், அதை இடும் நேரம் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மடிப்பை தைத்துப் பார்த்தவர்கள், அளவில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.